வால் பக்கம் காட்டும் அம்புக்குறி

விமானக் கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், சங்கரன்கோவிலில் இன்றைக்கும் என்னை ஆகாயத்தில் திரிந்தவன் என்றே நினைக்கிறார்கள். பணியில் இருந்த காலம் முழுவதும் நான் நின்றது தரையில். பெட்டி ஏற்றுவது, இறக்குவது, படியைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவில் பொருத்துவது, கிளம்பும்போது அதைப் பிடுங்குவது, பிறகு அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது. பறந்தவர்கள் எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். விழுந்ததெல்லாம் தரையில் நின்ற நாங்கள்தான்.

போன மாதம் கடையநல்லூர்க்காரர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். வளைகுடாவில் நான் இருந்த அதே விமான நிலையத்தில், அதே வேலையில் இப்போது இருக்கிறவர், லீவில் வந்திருந்தார். போனில் படம் காட்டினார். கதவுக்குக் குறுக்கே மஞ்சள் வார், உயரத்தில் நிற்பவன் இடுப்பில் கொக்கி, தலையில் தொப்பி, காலில் வழுக்காத பூட்ஸ். ஒரு படத்தில் தரையில் ஒரு பெரிய அம்புக்குறி தெரிந்தது. விமானத்தின் வால் பக்கமாக வளைந்து போகிற அம்பு.

"இது எதுக்குன்னு அங்க யாருக்குமே தெரியல அண்ணாச்சி. பெயின்ட் அழிஞ்சா மறுபடி அடிக்காங்க, அவ்வளவுதான். பழைய ஆளுங்கள்ள நீங்கதான் இருக்கீங்க. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அது எங்கள் ஊரால் வந்த அம்பு. அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலைக்குப் போவதற்கு முன்னால் நான் பருத்திப் பொதிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதுதான் என் தகுதி. எழுபதுகளின் நடுவில் ஏஜென்ட் ஒருவர் வந்து, தோளைத் தட்டிப் பார்த்து, நல்லாயிருக்கு என்றார். போய்ச் சேர்ந்த அன்று பயிற்சி கொடுத்தார்கள். இன்ஜின் பக்கம் போகாதே, காதைப் பொத்திக்கொள், சிகரெட் பிடிக்காதே. விழாமல் இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. அது எல்லாருக்கும் பிறவியிலேயே தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.

ஒருவன் போனால் மச்சானை இழுப்பான், மச்சான் பக்கத்து வீட்டுக்காரனை இழுப்பான். இரண்டு மூன்று வருடத்தில் எங்கள் குழுவில் சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தைத் தவிர ஆள் கிடையாது. குழுவுக்கு மூத்தவன் நான். என் தங்கை கோமதியின் மாப்பிள்ளை வேலுச்சாமி, இளையரசனேந்தல்காரர், நான் இழுத்தவர். ராயகிரி செல்லையா, வேலுச்சாமி இழுத்தவன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஞானமுத்து சார். பாளையங்கோட்டைக்காரர், கிறிஸ்தவர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸ் வைத்திருப்பார். யாராவது விழுந்தால், ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு, விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவார். அந்த வட்டத்தை அவர் அனுமதி இல்லாமல் யாரும் மிதிக்கக்கூடாது. பிறகு அந்த நேரத்தில் யார் யார் எங்கெங்கே நின்றார்களோ அவரவரை அங்கங்கே கொண்டுபோய் நிறுத்துவார். விழுந்தவனிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"கடைசியா உம்ம காலு எதுல இருந்துச்சு?"

வழுக்கிருச்சு சார் என்று சொல்லித் தப்ப முடியாது. "யாரு? நீரா, தரையா?" என்பார். அவர் குத்தவைத்து உட்கார்ந்து, தரையைத் தடவிப் பார்த்து, எண்ணெய் எங்கேயிருந்து சொட்டியது, அதை ஏன் துடைக்கவில்லை, துடைக்கிற துணி எங்கே என்று நூல் பிடித்துக்கொண்டே போவார். கடைசியில் துணி வைக்க ஒரு ஆணி அடிப்பார். அந்த ஆணி அடித்த பிறகுதான் வட்டத்தை அழிப்பார்.

விழுவதில் எத்தனையோ தினுசு பார்த்துவிட்டேன். பெட்டி ஏற்றுகிற பெல்ட்டின் மேல் உட்கார்ந்து தூங்கினவரை, சுவிட்சைப் போட்டதும் பெல்ட்டே கொண்டுபோய்க் கீழே இறக்கியது. சிவகிரிக்காரர் ஒருவர் பெட்டிகளை வெகு நேர்த்தியாக அடுக்கினார். அந்த அழகைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கலாம் என்று பின்னால் நகர்ந்தார். அங்கே விமானம் முடிந்துபோயிருந்தது. தோள்பட்டை இறங்கிவிட்டது. "அடுக்குனது நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஆஸ்பத்திரியில் வைத்தும் சொன்னார்.

சார் கொண்டுவந்த முறைகளில் ஒன்று, சுற்றி வருவது. விமானம் கிளம்பும் முன் குழுவில் ஒருவர் அதை ஒரு முழுச் சுற்று சுற்றிவர வேண்டும். கதவுகள் சாத்தியிருக்கின்றனவா, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்தாயிற்றா, ஏணி ஏதும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, ஆள் யாராவது எங்கேயாவது தொங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். மற்றக் குழுக்காரர்கள் பாதி சுற்றிவிட்டுக் கையைக் காட்டிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் ஒரு நாளும் குறைவைத்ததில்லை. வெயிலில் தார் இளகினாலும் முழுச் சுற்று வந்துதான் நிற்பார்கள். "ஒழுங்குன்னா இவங்ககிட்டப் படிக்கணும்" என்று சார் மற்றவர்களிடம் சொன்னதாகக் கேள்வி. எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

வேலுச்சாமிக்கும் செல்லையாவுக்கும் பேச்சு நின்றது ஒரு கம்பளியால். வேலுச்சாமி லீவில் ஊருக்கு வந்தபோது, ராயகிரியில் இருந்த தன் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிச் செல்லையா ஒரு கம்பளி கொடுத்துவிட்டான். மார்கழிக் குளிருக்கு. இங்கே வந்த வேலுச்சாமிக்கு ஒரு கல்யாணம், ஒரு சடங்கு, ஒரு காதுகுத்து. கம்பளி கோமதியின் பெட்டி மேல் கிடந்தது. நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் கொண்டுபோனபோது அந்த அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது. கம்பளியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து செல்லையாவிடம் நீட்டினார். செல்லையா அதை வாங்கி மடித்துத் தலைமாட்டில் வைத்தான். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு சொல் பேசவில்லை. ஒரே அறை, ஒரே சோற்றுப்பானை. ரசம் வேண்டுமென்றால் எனக்குச் சொல்வான், நான் அவருக்குச் சொல்வேன்.

இப்படியிருக்கும்போதுதான் அது நடந்தது.

அன்று வேலுச்சாமி விமானத்துக்குள், பின்பக்கம், குப்பைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் ஏறி இறங்குவதற்கு விமானத்தின் வலப்பக்கப் பின் கதவில் சக்கரம் வைத்த உயரமான ஸ்டாண்டு ஒன்று நின்றது. நானும் செல்லையாவும் இடப்பக்கம், வாலுக்குக் கிட்டே, தரையில் நின்றோம். பக்கத்து விமானத்துக்கு அவசரமாக அந்த ஸ்டாண்டு வேண்டுமென்று மேலிடத்து உத்தரவு வந்தது. இழுத்துப் போக டிராக்டர் வேறு வந்துவிட்டது. எங்கள் ஆள் போய் ஸ்டாண்டின் காலடியில் நின்று, உள்ளே இருப்பவரை எச்சரித்து, கையைத் தூக்கின பிறகுதான் இழுக்க வேண்டும் என்பது முறை. ஜெனரேட்டர் இரைச்சலில் கத்தினால் கேட்காது.

"ஏலே செல்லையா, ஸ்டாண்ட எடுக்கப் போறாங்க. ஓடிப்போயி அவருகிட்டச் சொல்லு" என்றேன்.

செல்லையா ஓடினான். நான் பார்த்தேன், ஓடத்தான் செய்தான். வாலைச் சுற்றினால் நாலு எட்டு. அவன் மூக்குப் பக்கமாக ஓடினான். முழு விமானத்தின் நீளத்துக்கும் முன்னால் போய், மூக்கைச் சுற்றி, அந்தப் பக்கமாகத் திரும்பப் பின்னால் வர வேண்டும். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

டிராக்டர்காரர் வேறு தேசத்தவர். கொஞ்ச நேரம் பார்த்தார், யாரும் வரவில்லை, அப்படியானால் தடை இல்லை என்று எடுத்துக்கொண்டு இழுத்துவிட்டார். வேலுச்சாமி மூட்டையை இழுத்துக்கொண்டு பின்புறமாகவே கதவுக்கு வெளியே கால் வைத்தார். செல்லையா மூக்கைத் தாண்டி வந்து பார்க்கும்போது அவர் அந்தரத்தில் இருந்தார்.

நின்ற வாக்கில் விழுந்ததால் உயிர் தப்பியது. வலது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சார் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஒரு காலு கதவு நிலையில இருந்துச்சு சார். இன்னொண்ணு ஸ்டாண்டத் தேடிக்கிட்டிருந்துச்சு" என்றார் வேலுச்சாமி.

சார் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு எங்களை நின்ற இடத்தில் நிறுத்தினார். வட்டத்திலிருந்து பின்னோக்கி வந்துகொண்டே இருந்தார். டிராக்டர் வரைக்கும் புரிந்தது. செல்லையாவிடம் வந்ததும் அவருடைய சாக்பீஸ் நின்றுவிட்டது.

"ஏன்வே மூக்கைச் சுத்திப் போனீரு?"

"தெரியல சார். காலு அப்படிப் போச்சு."

"வால் பக்கம் கிட்டத்துல இருந்துச்சுல்லா?"

"ஆமா சார்."

"கிட்டத்துல இருக்குன்னு தெரியும்?"

"தெரியும் சார்."

"பெறவு ஏன் போனீரு?"

"தெரியல சார்."

குழுவில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கம்பளி விஷயம் எல்லாருக்கும் தெரியும். அதையும் யாரோ சாரிடம் சொல்லிவிட்டார்கள். பேச்சு வார்த்தை இல்லாதவன், வேண்டுமென்றே நீளமான வழியில் போனான், ஓடினது பார்க்கிறவர்களுக்காக என்றார்கள். மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. செல்லையா காதுபடவே பேசினார்கள். நான் பேசவில்லை, ஆனால் இரவில் அவன் பக்கம் திரும்பிப் படுக்க எனக்கு மனம் வரவில்லை. கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்து ஊருக்கு அனுப்பியது. சாரின் ரிப்போர்ட் வந்ததும் முடிவு செய்வார்களாம். வேண்டுமென்றே செய்தான் என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும், வேலை போகும். ஊரில் கொல்லப் பார்த்தவன் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

சார் ரிப்போர்ட்டை எழுதவில்லை. விமானம் வந்து வந்து அவருடைய வட்டத்தை அழித்தது. அவர் மறுபடி மறுபடி போட்டார்.

வேலுச்சாமியை நான் ஊருக்குக் கூட்டி வந்தேன். ரத வீதியில் எங்கள் வீட்டில்தான் படுக்கை. காலில் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. அதன் மேல் அக்கம்பக்கத்துப் பெண்கள் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டுப் போனார்கள். கட்டுக்கு மேலே பூசினால் உள்ளே எப்படிப் போகும் என்று கேட்டேன். அம்மனுக்கு வழி தெரியும் என்றார்கள்.

ஆடி பிறந்தது. ஆடித் தபசுக்குக் கொடியேறிவிட்டால் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று. ஊசிமுனையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறாள் கோமதி அம்மன். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றுகிறவர்களின் கால்வலியை அவளே வாங்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டு சுற்றுவார்கள். அந்த வருடம் பிரகாரம் கொள்ளாமல் ரத வீதியிலும் சுற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் செல்லையாவைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக்கட்டி, வெறுங்காலோடு, யாரையும் பார்க்காமல் நடந்தான். வேலுச்சாமியின் குதிகாலுக்காக நேர்ந்துகொண்டிருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள்.

கோமதி அவன் வருகிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்தினாள்.

"தள்ளிவிட்டவனே வந்து வேண்டிக்கிடுதான். அம்மனுக்குக் கண்ணு இல்லையா அண்ணே?" என்றாள்.

"தள்ளல தாயி."

"சொல்லாம விட்டதும் தள்ளுனதும் ஒண்ணுதான்."

உள்ளே வேலுச்சாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அந்த வாரம் ஞானமுத்து சார் லீவில் பாளையங்கோட்டைக்கு வந்தவர், வேலுச்சாமியைப் பார்க்கச் சங்கரன்கோவிலுக்கு வந்தார். தபசுக்கு முந்தின நாள். நான் வாசலில் நின்றேன். வீதி முனையில் அவர் தலை தெரிந்தது. கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். கூப்பிடு தூரம்தான். ஆனால் கூட்டம் முழுவதும் அவருக்கு எதிராக வந்துகொண்டிருந்தது. சார் ஓரமாக நுழைந்தார், வெளியே வந்துவிட்டார். நடுவில் நுழைந்தார், பின்னால் போய்விட்டார். ஒரு வயதான அம்மா அவரைக் கையைப் பிடித்தே திருப்பினாளாம்.

"எதுக்க வாரீரே, நல்லாருப்பீரா? சுத்தி வாரும்."

"அந்தா தெரியுது பாருங்க வீடு. அங்கனதான் போணும்."

"தெரிஞ்சா என்னய்யா? சுத்தித்தான் வரணும்."

சாரின் தலை கூட்டத்தோடு போய் மறைந்தது. கோமதியிடம் காப்பி போடச் சொன்னேன். அது ஆறி, மறுபடி போட்டாள். நான்கு ரத வீதியும் சுற்றி, வீட்டுக்கு மறுபக்கத்திலிருந்து சார் வந்து சேர்ந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பியைத் தொடவில்லை. பையைத் தடவினார், லீவில் சாக்பீஸ் கொண்டுவரவில்லை போலிருக்கிறது.

"கொஞ்சம் கோலமாவு தாம்மா" என்றார்.

வேலுச்சாமியின் கட்டில் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தரையில் ஒரு விமானம் போட்டார். மீன் மாதிரி இருந்தது. இது மூக்கு, இது வால் என்று கோமதிக்குச் சொல்லிக் கொடுத்தார். வாலுக்கு இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் ஒரு புள்ளி வைத்தார்.

"நீ இங்கன நிக்கேம்மா. ஒம் மாப்பிள்ளை அங்கன இருக்காரு. ஓடிப்போயி ஒரு சேதி சொல்லணும். எப்படிப் போவே? வெரல வச்சுக் காட்டு."

விமானத்தைக் கிட்டே நின்று பார்த்திராதவள் கோமதி. உட்கார்ந்து, முதல் புள்ளியில் விரலை வைத்தாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. விரல் மாவை இழுத்துக்கொண்டு முன்னால் போய், மூக்கைச் சுற்றி, மறுபக்கம் இறங்கி, வேலுச்சாமியிடம் வந்து நின்றது.

"வால் பக்கம் கிட்டத்துல இருக்குல்லாம்மா?" என்றார் சார்.

"அது எதிர்ச்சுத்துல்லா சார். அப்படிப் போகப்படாதே..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருடக்கணக்காக அந்த விமானங்களை நாங்கள் எல்லாரும் வலம்தான் வந்துகொண்டிருந்தோம். ஒரு நாள், ஒருவன்கூட இடமாக நடந்ததில்லை. அதைச் சொல்ல வேண்டிய விஷயம் என்றே எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மூச்சு விடுகிறேன் என்று யார் போய்ச் சொல்வார்கள்?

சார் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதணும்னு தெரிஞ்சிட்டு. ஆளு மேல குத்தமில்ல. எந்தப் பக்கமாப் போகணும்னு நாங்க சொல்லல. போயித் தரையில ஒரு அம்பு போடுதேன்."

வேலுச்சாமி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. "அவன் எங்க இருக்கான் சார்?" என்று கேட்டார்.

"சுத்துல என்கூடத்தான் நடந்து வந்தாரு. வாரும்வே வீட்டுக்குன்னேன். மாட்டேன்னு வீதி முக்குல உக்காந்துட்டாரு. காலெல்லாம் கொப்புளம்."

கோமதி எட்டிப் பார்த்தாள். கூட்டம் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்த முனையில், மூடியிருந்த ஒரு கடையின் படியில் செல்லையா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே போனாள். சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் ஒரு நொடி நின்றாள். அன்றைக்குத் தன் பெட்டி மேலேயே கிடந்த கம்பளி அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வருகிற கூட்டத்துக்கு எதிரே இறங்கினாள்.

"ஏட்டி, எங்கன வார? சுத்திப் போ" என்று நாலு பேர் சத்தம் போட்டார்கள்.

"வழி விடுங்க" என்றாள். தண்ணீர் தளும்பிச் சேலையெல்லாம் நனைந்தது. அவள் நிற்கவில்லை.

ஞானமுத்து சார் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

"வால் பக்கமாப் போகுது" என்றார்.